நாவல் படமாகிறது: டெல்டா தியேட்டருக்கு எம்.ஜி.யா, அட்வான்ஸா, ஹையரா?

பேர்பெற்ற ஃபேன்டஸி நாவல் ஒன்று படமாகிறது என்றால், ரிலீஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே டெல்டா தியேட்டர்காரருக்குத் திருச்சி விநியோகஸ்தரிடமிருந்து போன் வந்துவிடும். "அண்ணே, உங்க ஊர்ல ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. ஆறு ரூபா எம்.ஜி. சொல்லியிருக்கேன். உங்களுக்காக நாளை சாயந்தரம் வரைக்கும் வெச்சிருக்கேன்." ஆறு ரூபாய் என்றால் ஆறு லட்சம், எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி. டிரெய்லரை எத்தனை பேர் பார்த்தார்கள், புத்தகம் எத்தனை பதிப்பு போயிற்று என்பதெல்லாம் கூடவே வரும். திங்கட்கிழமை மேட்னிக்கு யார் வருவார்கள் என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார். டெல்டாவில் ஒரு படத்தின் விலை அந்தத் திங்கட்கிழமையில்தான் இருக்கிறது.

தமிழ் சினிமா வியாபாரத்தில் திருச்சி, தஞ்சாவூர் வட்டாரம் முழுவதும் 'டி.டி. ஏரியா'. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் எல்லாம் இதில் அடக்கம். ஏரியா உரிமையை வாங்கிய விநியோகஸ்தர் ஊர் ஊராகப் படத்தைப் பிரித்துக் கொடுப்பார். அப்போது தியேட்டர்காரர் முன்னால் மூன்று வழி நிற்கும்.

முதலாவது எம்.ஜி. குறைந்தபட்ச உத்தரவாதமாக ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். வசூலில் விநியோகஸ்தரின் பங்கு அந்தத் தொகையைத் தொடவில்லை என்றாலும் பணம் திரும்பாது. தாண்டினால், மேற்கொண்டு வருவது 'ஓவர்ஃப்ளோ'. அதைப் பேசி வைத்தபடி பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது அட்வான்ஸ். இதிலும் முன்பணம் உண்டு, ஆனால் பங்கு குறைந்தால் மீதி திரும்ப வேண்டும். வேண்டும் என்பதுதான் பேச்சு. நடைமுறையில் 'அடுத்த படத்துல கழிச்சுக்கலாம்ணே' என்று அந்தப் பணம் மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும். மூன்றாவது ஹையர். வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைபோலக் கொடுத்துவிட்டால் வசூல் முழுவதும் உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது. முன்பணமே இல்லாத வெறும் சதவீதம் என்று நாலாவதாக ஒன்று உண்டு. எதிர்பார்ப்புள்ள படத்துக்கு முதல் வாரத்தில் அதை யாரும் தர மாட்டார்கள்.

எதிர்பார்ப்பு யாருடையது?

நாவல் படங்களில் ஏமாறுகிற இடம் இதுதான். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் அந்த நாவலை 500 பேர் படித்திருக்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மூன்று பேரைக் கூட்டி வந்தால் 2,000 டிக்கெட். 600 இருக்கை, நாலு காட்சி உள்ள தியேட்டருக்கு ஒரு நாள் கொள்ளளவே 2,400. ஆக, புத்தகம் படித்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் சேர்த்தாலும் வெள்ளிக்கிழமை ஒன்றுகூட முழுதாக நிரம்பவில்லை. டிரெய்லருக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கருத்து எழுதுகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட வலங்கைமானிலிருந்து டவுன் பஸ் ஏறி வரப்போவதில்லை.

படித்தவர்களின் வேலை டிக்கெட் வாங்குவதல்ல, பேசுவது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வருகிறவரிடம் டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள். "புக்குல அந்த மந்திரவாதிக் கிழவி கேரக்டர்தான் உயிர், இதுல ரெண்டு சீன்ல முடிச்சுட்டான்" என்று அவர் சொன்னால் போதும்; அந்த நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு திட்டம் போட்டுவிடுவார்கள். நாவலில் எதை வெட்டினார்கள் என்பதை விநியோகஸ்தரும் அறிய மாட்டார். படத்தின் நீளத்தைக் கேளுங்கள். 600 பக்க நாவலை இரண்டேகால் மணி நேரத்தில் முடித்திருந்தால் நிறைய வெட்டியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் என்றால் படித்தவருக்குத் திருப்தி, உங்களுக்குக் கஷ்டம். இடைவேளையும் ஹாலைப் பெருக்குவதும் சேர்ந்தால் ஒரு காட்சிக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆறரைக்குத் தொடங்கும் ஃபர்ஸ்ட் ஷோ பத்து மணிக்கு விட்டால், சுற்றுக் கிராமத்துக்கு வண்டி இல்லை. அந்தக் காட்சியில் கிராமத்துக் குடும்பங்களை எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கு மாறாக ஒரு படம் இங்கே நின்றது. 2022 செப்டம்பர் 30-ல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது, 1950-களில் 'கல்கி' இதழில் தொடராக வந்த அந்த நாவலை முழுசாகப் படித்தவர்கள் டெல்டாவிலும் சிறுபான்மைதான். ஆனால் கதை தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில். பிறகு குடந்தை, பழையாறை, தஞ்சாவூர், கோடிக்கரை, நாகப்பட்டினம் என்று நம் பஸ் ரூட்டிலேயே போகிறது. படிக்காதவருக்கும் பெரிய கோவில் தெரியும், அதைக் கட்டியவர் பெயர் தெரியும். அதோடு ரிலீஸான மறுவாரமே ஆயுத பூஜை, விஜயதசமி. வெள்ளி தொடங்கி புதன் வரை விடாமல் கூட்டம் வர வழியிருந்தது. அது சரித்திர நாவல், ஃபேன்டஸி அல்ல. டிராகனும் மந்திரக்கோலும் வரும் கதைக்கு இந்தச் சொந்த மண் பலம் கிடையாது. "பொன்னியின் செல்வன் மாதிரி போகும்ணே" என்று யாராவது எம்.ஜி.யை ஏற்றினால், கதை எந்த ஊரில் நடக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

மண் இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பாடமாவது கைகொடுக்கும். சு.வெங்கடேசனின் 'வேள்பாரி'யைப் படமாக்கும் ஆசையை இயக்குநர் ஷங்கர் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். பறம்பு மலை டெல்டாவில் இல்லை. ஆனால் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை அறியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. அப்படிப்பட்ட படத்துக்கு எதிர்பார்ப்பு புத்தகக் கடையிலிருந்து வராது, ஏழாம் வகுப்பு வாத்தியாரிடமிருந்து வரும்.

மூன்றாவது வகை, டிவியில் பழகிய முகம். 'தி ஜங்கிள் புக்' 2016 ஏப்ரல் 8-ல் இந்தியாவில் வந்தது, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாக. கிப்ளிங்கின் மூலத்தைப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மௌக்ளியைத் தூர்தர்ஷன் கார்ட்டூனில் பார்த்து வளர்ந்த அப்பா, கோடை விடுமுறையை நெருங்கிய பிள்ளை, தமிழ் டப்பிங். இந்த மூன்றும் சேர்ந்தன. இந்தியாவில் அதுவரை ஓடிய எல்லா ஹாலிவுட் படங்களையும் வசூலில் அது முந்தியது. ஃபேன்டஸி படத்துக்கு டெல்டாவில் பாதை உண்டென்றால் அது இந்தப் பாதைதான்: பிள்ளை கேட்கிறது, குடும்பம் வருகிறது.

ஆகவே எதிர்பார்ப்பை அளக்க டிரெய்லர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். உங்கள் ஹாலிலேயே வேறு குடும்பப் படம் ஓடும்போது இடைவேளையில் அந்த டிரெய்லரைப் போட்டு, கேண்டீன் வாசலில் நின்று பாருங்கள். பாப்கார்ன் வாங்க வந்த பிள்ளை திரும்பி ஓடி வந்து திரையைப் பார்க்கிறதா? ரிசர்வேஷன் திறந்ததும் வெள்ளிக்கிழமை நிரம்புவதை ஒரு தகவலாக எடுக்க வேண்டாம், அது எல்லாப் படத்துக்கும் நிரம்பும். ஞாயிறு மேட்னியில் நாலு, ஐந்து இருக்கைகள் சேர்ந்தாற்போல் போகிறதா என்று பாருங்கள். சேர்ந்தாற்போல் போனால் குடும்பம். ஒற்றை, இரட்டையாகப் போனால் கல்லூரிக் கூட்டம். அது திங்கட்கிழமை இராது.

ஆறு லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்

600 இருக்கை, நாலு காட்சி, வரியெல்லாம் போக டிக்கெட்டுக்கு 90 ரூபாய் கையில் நிற்கிறது. விநியோகஸ்தர் பங்கு முதல் வாரம் 65 சதவீதம், இரண்டாம் வாரம் 60. மின்சாரம், சம்பளம், டிஜிட்டல் கட்டணம், ஜெனரேட்டர் டீசல், போஸ்டர் என்று நாளுக்கு 18,000 ரூபாய்ச் செலவு, வாரத்துக்கு 1,26,000. இவை கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

படம் நல்ல பேச்சு வாங்குகிறது. வெள்ளி 80 சதவீதம், சனி 90, ஞாயிறு 95, அடுத்து 35, 28, 25, 22. மொத்தம் 9,000 டிக்கெட், 8,10,000 ரூபாய். இதில் 5,72,400 ரூபாய் முதல் மூன்று நாளில் வந்தது. வெறும் சதவீதத்தில் எடுத்திருந்தால் விநியோகஸ்தருக்கு 5,26,500, உங்களுக்கு 2,83,500, செலவு போக 1,57,500. வாரம் 4,50,000 ஹையரில் எடுத்திருந்தால் 2,34,000. ஆறு லட்சம் எம்.ஜி. கட்டியிருந்தால் அந்த வாரத்தில் மிஞ்சுவது 84,000 மட்டும்.

பேச்சு கெட்டுப்போகிறது. 70, 60, 55, பிறகு 12, 10, 8, 8. மொத்தம் 5,352 டிக்கெட், 4,81,680 ரூபாய். சதவீதத்தில் 42,588 ரூபாய் தப்புகிறது. ஹையரில் 94,320 நஷ்டம். எம்.ஜி.யில் 2,44,320 நஷ்டம். அட்வான்ஸில் எடுத்தவருக்குச் சதவீதக்காரரைப்போல லாபம்தான், ஆனால் 2,86,908 ரூபாய் திருச்சியில் சிக்கிக்கொண்டிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எம்.ஜி. என்பது ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம் என்று நினைக்கிறோம். மேலே உள்ள கணக்கில் படம் நன்றாக ஓடியபோதும் எம்.ஜி. கட்டியவர்தான் குறைவாகச் சம்பாதித்தார். முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பங்கு எம்.ஜி.யைவிட 73,500 ரூபாய் குறைகிறது. அதை எடுக்க இரண்டாம் வாரமும் ஓட்டியே ஆக வேண்டும். சராசரி 15 சதவீதம் என்றால் அந்த வாரம் 2,26,800 ரூபாய் வசூல், உங்கள் 40 சதவீதம் 90,720. செலவோ 1,26,000. சதவீதக்காரர் படத்தைத் தூக்கிவிட்டு வேறு படம் போட்டிருப்பார், எம்.ஜி. கட்டியவர் தூக்க முடியாது. இரண்டு வாரமும் ஓட்டி, எம்.ஜி.யைத் தாண்டிய 62,580 ரூபாய் ஓவர்ஃப்ளோவை முழுக்க விநியோகஸ்தரே எடுத்துக்கொண்டால், உங்களுக்குக் கடைசியில் நிற்பது 1,22,220.

அப்படியானால் எதற்கு எம்.ஜி. கட்டுகிறார்கள்? எதிர்த் தியேட்டருக்குப் போய்விடக் கூடாதே என்றுதான். அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஊரில் இரண்டே தியேட்டர் இருந்து மற்றவர் பெரிய படத்தைப் போட்டால், உங்கள் ஹாலில் அந்த வாரம் ஈ ஆடும். கட்டியே ஆக வேண்டுமென்றால் தொகையைக் குறைக்கப் போராடுவதைவிட இரண்டு ஷரத்துக்குப் போராடுங்கள். எம்.ஜி.யைத் தாண்டிய ஓவர்ஃப்ளோ பாதிக்குப் பாதி. இதே கணக்கில் அது 31,290 ரூபாயை உங்கள் பக்கம் திருப்பும். அடுத்தது, ஊரில் மொத்தம் எத்தனை ஸ்கிரீன் என்பதை எழுத்தில் வாங்குவது. உங்களிடம் ஆறு வாங்கிவிட்டு வியாழக்கிழமை ராத்திரி இன்னும் இரண்டு ஸ்கிரீனுக்கு அதே படத்தைக் கொடுத்தால் 95 சதவீத ஞாயிறு 50 ஆகிவிடும். அப்படி நடந்தால் எம்.ஜி. தானாக அட்வான்ஸாக மாறும் என்று ஒரு வரி இருக்கட்டும்.

கேண்டீன், பார்க்கிங் வருமானத்தை மேலே சேர்க்கவில்லை. குடும்பக் கூட்டம் வரும் ஃபேன்டஸி படத்தில் அது சின்னத் தொகை அல்ல. பேரம் பேசும்போது அதை நீங்களாக வாய்விட வேண்டாம்.

ஹையர் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல படத்தில் மற்ற எல்லா முறையையும்விட அதிகம் தருவது ஹையர்தான். ஆனால் எதிர்பார்ப்புள்ள படத்துக்கு ரிலீஸ் அன்றே அவராக முன்வந்து ஹையர் தருகிறார் என்றால், ஏன் என்று யோசிக்க வேண்டும். பயந்தவன்தான் ஒரே விலைக்கு விற்பான். சில சமயம் அந்தப் பயம் தப்பாகவும் போகும். 2007-ல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' ஒரு பெயர்போன ஃபேன்டஸி நாவலின் படம், செலவு சுமார் 18 கோடி டாலர். அமெரிக்காவில் 7 கோடிதான் வந்தது. வெளிநாடுகளில் 30 கோடி. ஆனால் எடுத்த நியூ லைன் நிறுவனம் வெளிநாட்டு உரிமைகளைச் செலவுக்காக முன்னமே விற்றுவிட்டிருந்தது. வாங்கியவர்கள் கொழித்தார்கள்; சில மாதத்தில் நியூ லைன் வார்னரோடு இணைக்கப்பட்டது. விற்றவர் பக்கம் நஷ்டம், வாங்கியவர் பக்கம் யோகம்.

இரண்டாம் பாகம் என்றால் கணக்கு இன்னும் கறாராக வேண்டும். 'நார்னியா' முதல் படம் 2005 டிசம்பரில் வந்து உலகம் முழுக்க 74 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. 2008 மே மாதம் வந்த அடுத்தது 42 கோடி டாலரை ஒட்டி நின்றது. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகமும் முதலாவதைத் தொடவில்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மட்டும் 2001, 2002, 2003 என்று மூன்று டிசம்பரிலும் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றையும் சேர்த்துப் படமெடுத்து வைத்திருந்ததால், பார்த்தவர் மறப்பதற்குள் அடுத்தது வந்தது. முதல் பாகத்தின் டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் கணக்கு, உங்கள் பெட்டியிலேயே இருக்கும். அதில் வெள்ளிக்கிழமையைப் பார்க்காமல் செவ்வாய், புதனைப் பாருங்கள். அந்த இரண்டு நாளில் பாதி நிரம்பியிருந்தால் எம்.ஜி. பேசலாம்.

மேட்டூர் திறந்தால் தியேட்டர் நிறையும்

சென்னை விநியோகஸ்தருக்கு நம் ஊர்க் காலண்டர் புரியாது. ஒரே படம், ஒரே ஹால், ஆனால் தேதி மாறினால் எம்.ஜி.யும் மாற வேண்டும்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா தை, மாசியில். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குடும்பம் தியேட்டருக்கு வரும். பொங்கல் ரிலீஸ் என்பது பண்டிகைக் கூட்டம், அறுவடைப் பணம் அதற்குப் பிறகு வருவது. அதனால் ஜனவரி கடைசி வாரம் சும்மா வரும் ஒரு நடுத்தரப் படம் பொங்கல் படத்தைவிட நல்ல திங்கட்கிழமை கொடுப்பதுண்டு. பொங்கலுக்கு ஃபேன்டஸி படம் வந்தால் கூடவே ஸ்டார் படம் ஒன்றோ இரண்டோ இருக்கும். மூன்றாம் நாளே ஒரு காட்சியை, இரண்டு காட்சியை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டிவரும். முழு நாலு காட்சிக்கு எம்.ஜி. கட்டிவிட்டு இரண்டு காட்சி ஓட்டுவது தற்கொலை.

தீபாவளி இன்னும் மோசம். முதல் இரண்டு நாள் எந்தப் படமும் ஓடும். பிறகு வடகிழக்குப் பருவமழை. நாகை, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் காற்றழுத்தம் என்ற செய்தி வந்தாலே செகண்ட் ஷோ காலி. 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்தபின் அந்தப் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. அக்டோபர், நவம்பர் ரிலீஸுக்கு மழையால் காட்சி ரத்தானால் எம்.ஜி.யில் அந்த நாளுக்கான விகிதம் கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃபேன்டஸி நாவல் படத்துக்கு இங்கே நல்ல காலம் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை. பரீட்சை முடிந்திருக்கும். வயலில் வேலை குறைவு. வெயிலில் ஏ.சி.யே பாதிக் கூட்டத்தை இழுக்கும். ஐ.பி.எல். மாலைக் காட்சியைக் கொஞ்சம் கடிக்கும், ஆனால் பிள்ளைகள் வருவது மேட்னிக்கு. வைகாசி முகூர்த்த நாட்களில் ஃபர்ஸ்ட் ஷோ குறையும், அதைப் பஞ்சாங்கத்தில் முன்பே பார்த்துக்கொள்ளலாம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் பக்கத்துத் தியேட்டர்கள் ரம்ஜான் நோன்பு மாதத்தில் எம்.ஜி. என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பெருநாள் அன்று அதே ஊரில் எக்ஸ்ட்ரா நாற்காலி போட வேண்டியிருக்கும்.

டப்பிங்கா, மூலமா, 2டியா, 3டியா

வெளிநாட்டு நாவல் படமென்றால் தஞ்சாவூரில் மட்டும் மூல மொழிக் காட்சி ஒன்றுக்கு இடமுண்டு. வல்லம், திருமலைசமுத்திரம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு வருவார்கள், அதுவும் வெள்ளி, சனி இரவில். மற்ற ஊர்களில் நாலு காட்சியும் தமிழ். டப்பிங் சரியில்லை என்றால் எதுவும் செய்வதற்கில்லை. அரக்கனும் ராஜாவும் ஒரே செந்தமிழில் முழங்கினால், பயப்பட வேண்டிய காட்சியில் ஹால் சிரிக்கும். இரண்டு நிமிட டப்பிங் டிரெய்லர் கேட்டாலே இது தெரிந்துவிடும். தமிழ்ப் படத்துக்கும் பிற மொழிப் படத்துக்கும் உள்ளாட்சி கேளிக்கை வரி ஒன்றல்ல. டப்பிங் எந்தக் கணக்கில் வரும் என்று நகராட்சியில் முன்னமே கேட்டு வையுங்கள்.

டிக்கெட் விலையில் ஒரு படி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. 3டி என்று சொல்லி 100-ஐத் தாண்டி ஐந்து, பத்து ஏற்றினால், ஏற்றியதைவிட அதிகம் வரிக்குப் போகும். ஏற்றுவதென்றால் நன்றாகத் தாண்டி ஏற்ற வேண்டும், அதற்கு ஊர் தாங்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். ஃபேன்டஸி படத்தில் பாதி ராத்திரியும் குகையும் மூடுபனியும்தான். திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் என்பது 2டி-க்கு உரிய அளவு. உத்தரவாத மணி நேரத்தைத் தாண்டிய புரொஜெக்டர் செனான் லாம்ப்பில் அது வெகுவாக இறங்கியிருக்கும். பகல் காட்சி நிறைந்த குடும்பப் படத்தில் யாருக்கும் தெரியாது. இதில், கோட்டைச் சுவரேறும் வீரனுக்குப் பதில் கறுப்புத் திரைதான் தெரியும். 3டி கண்ணாடி மிஞ்சிய வெளிச்சத்திலும் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஜனங்கள் லாம்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள், 'படம் ஒரே இருட்டு' என்பார்கள். அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போகும். எம்.ஜி.யில் ஐம்பதாயிரம் குறைத்து, அந்தப் பணத்தில் லாம்ப் மாற்றுவது நல்ல வியாபாரம். மாற்ற முடியாதென்றால் 3டி வேண்டாம்.

படம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் புதன்கிழமையே கைக்கு வரட்டும். சர்வரில் ஏற்ற மணிக்கணக்கில் ஆகும், பாதியில் பிழை வந்தால் மறுபடி முதலிலிருந்து. அதைத் திறக்கும் கே.டி.எம். சாவி அந்த ஒரு சர்வருக்கு மட்டும், குறித்த தேதி, நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும். சர்வரில் படத்தைத் திறந்து ஓட்டும் பலகையான மீடியா பிளாக்கை மாற்றியிருந்தால் புதிய எண்ணை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். மீதிப் பணம் போய்ச் சேராமல் சாவி வராது. வியாழக்கிழமை வங்கி மூடும் நேரத்தில் பணம் அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக் காட்சியை விற்று வைப்பதுதான் காலைக் காட்சி ரத்தாவதற்குப் பெரும்பாலும் காரணம்.

யாருக்கு எது என்றால்: தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊரில் வேறு தியேட்டர் போட்டியிருந்து, கோடை ரிலீஸாகவும் இருந்து, ஓவர்ஃப்ளோ பாதியும் கிடைத்தால் எம்.ஜி. கட்டலாம், சொன்னதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் போகாமல். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை அளவிலான ஊருக்கு அட்வான்ஸ். மீதியை முப்பது நாளில் வங்கி வழியே திருப்ப வேண்டும், அடுத்த படத்தில் கழிப்பது கிடையாது என்று எழுதி. சின்ன ஊர் ஒற்றைத் திரைக்கு ரிலீஸ் நாளே வேண்டாம். ஒரு வாரம் பொறுத்து, பேச்சு தெரிந்த பிறகு ஹையரில் எடுக்கலாம், அப்போது விலை பாதியாகியிருக்கும். ஆனால் மூன்றாம் வாரம் வரை பொறுக்காதீர்கள். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன, தேதி அறிவித்த அன்றே ஹால் காலி.

அட்வான்ஸிலோ சதவீதத்திலோ எடுத்தவருக்குத் திங்கட்கிழமை மேட்னி முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. மேலே சொன்ன செலவுக் கணக்கில் 35 சதவீதப் பங்குக்குக் காட்சிக்கு 143 பேர் வந்தால்தான் செலவு வரும். இரண்டாம் வாரம் 40 சதவீதத்தில் 125 பேர். திங்கள் மேட்னியில் 143 தலை இல்லையென்றால், சாயந்தரக் காட்சிக்கு முன்பே திருச்சிக்குப் போன் போட்டு, செவ்வாய் முதல் இரண்டு காட்சியாகக் குறைக்கவும், அடுத்த வெள்ளிக்கு வேறு படம் பேசவும் அனுமதி கேளுங்கள். புதன்கிழமை கேட்டால், அந்த வெள்ளிக்கிழமைக்கான படம் எதிர்த் தியேட்டருக்குப் போயிருக்கும்.